15 வயது மகள் பாடசாலைக்குப் போக முடியாமல் தவிக்கிறாள்: என்ன செய்யலாம்?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனது மகளுக்கு 15 வயது. தரம் 10 இல் படிக்கிறாள். தரம் 9 வரை படுவான்கரையில் எங்கள் ஊர்ச் சிறிய பாடசாலையில் படித்தவள். அங்கே ஒவ்வொரு தவணையிலும் முதல் மூன்று பேருக்குள் வருவாள். சாதாரண தரப் பரீட்சைக்கு எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர்கள் உள்ள இடம் வேண்டும் என்று இந்த வருடத் தொடக்கத்தில் இங்கே வாடகைக்கு வீடெடுத்து, பெரிய பாடசாலை ஒன்றில் சேர்த்தோம். முதலாந் தவணை ஒருவாறு ஓடிப்போயிற்று. இரண்டாந் தவணை தொடங்கியதிலிருந்து விடிந்தால் வயிற்றுக்குத்து, சத்தி, தலையிடி. வெள்ளைச் சீருடையை உடுத்து, ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்தபடி கட்டிலில் இருந்துவிடுவாள். கையைப் பிடித்துப் பார்த்தால் வியர்த்துக் குளிர்ந்திருக்கும். ஏழரை மணி கடந்து, இனிப் போக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் முகம் மெல்லத் தெளியும்; பத்து மணிக்குத் தங்கையின் கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கும்போது இது நடிப்போ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே அவள் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்புவதைக் கண்டால் மனம் கேட்பதில்லை.

வைத்தியசாலையில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வயிற்றுக்கு மாத்திரை தந்தார்கள். கோயிலில் நூல் கட்டினோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அழைப்பெடுக்கும்போதெல்லாம் எல்லாம் நான் கொடுக்கும் செல்லம் என்கிறார். குமர்ப்பிள்ளை வீட்டோடு இருந்தால் ஊர் நாலு விதமாகக் கதைக்கும் என்பது மாமியாரின் கவலை. பாடசாலையிலோ, தொடர்ந்து வர முடியாவிட்டால் விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்ன பயம் என்று மகளிடம் கேட்டால், "தெரியாது அம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் பக்கத்து வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளோடு நடக்கும் கணித வகுப்புக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமல் போய்வருகிறாள்.

பயம் தெளியும்வரை வீட்டில் விட்டுவைப்பதா, அழுதாலும் பரவாயில்லை என்று கொண்டுபோய் விடுவதா, பழைய பாடசாலைக்கே திருப்பிச் சேர்ப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

பதில்: காரைதீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

சகோதரி, பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பை நீண்ட காலம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடிப்போ என்ற சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள். பத்து மணிக்கு அவள் தெளிந்துவிடுகிறாள் என்பதால் காலையில் பட்ட நோவு பொய்யாகிவிடாது. அந்த நோவு எதைத் தொட்டு வருகிறது என்பதைத்தான் அது நமக்குச் சொல்லுகிறது. பாடசாலைக்கென்று புறப்பட்டு வெளியில் சுற்றித் திரியும் பிள்ளை அதைப் பெற்றோருக்கு மறைக்கும். உங்கள் மகள் உங்கள் கண்முன்னால், சீருடையையும் உடுத்துக்கொண்டு, போக விரும்பியும் போக முடியாமல் இருக்கிறாள். இவ்விரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பல வீடுகளில் நிலைமை முற்றுகிறது.

வீட்டில் விட்டுவைக்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். போகத் தேவையில்லை என்றானவுடன் அவளுக்கு ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அந்த நிம்மதியே மறுநாளும் நிற்கச் சொல்கிறது. அதற்குள் விடுபட்ட பாடங்கள் குவிகின்றன. ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் சேர்கிறது. பக்கத்தில் இருந்த தோழி வேறொருத்தியோடு கூட்டாகிவிடுகிறாள். தொடக்கத்தில் ஒரு பயம் இருந்த இடத்தில் இப்போது நான்கு இருக்கும். பயம் தெளிந்த பிறகு போகலாம் என்று காத்திருந்து தெளிந்த பிள்ளையை நான் கண்டதில்லை. சிறிது சிறிதாகப் போய்ப் போய்த் தெளிந்தவர்களையே கண்டிருக்கிறேன். அதற்காக இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டுவராதீர்கள். அன்று உள்ளே இருந்துவிட்டாலும், அடுத்த நாள் உங்கள் கையையே நம்பமாட்டாள்.

என்ன பயம் என்று பொதுவாகக் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் பதில் வராது. காலையில் கேட்கவே கூடாது. பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவளுடைய நேரசூசியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் தொடங்கி, பஸ், பாடசாலைக் கேற், காலை ஒன்றுகூடல், ஒவ்வொரு பாடவேளை, இடைவேளை, மலசலகூடம், மணியடித்து வெளியே வருவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 10 வரை பயத்துக்கு ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே ஒன்றும் பேச வேண்டாம். என்னிடம் வந்த ஒரு மாணவி முழுப் பாடசாலையுமே பயம் என்றுதான் சொன்னாள். எழுதிப் பார்த்தபோது சித்திரப் பாடத்துக்கு 2, விஞ்ஞானத்துக்கு 3, இடைவேளைக்கு 9. அந்த 20 நிமிடத்தில் யாரோடு போய் நிற்பது என்று தெரியாததுதான் அவளுடைய காலை வயிற்றுவலி. நூலகத்தில் இடைவேளைக்கு ஒரு வேலை கொடுத்தோம். அதிலிருந்துதான் அவள் நிமிர்ந்தாள். உங்கள் மகள் கணித வகுப்புக்குத் தவறாமல் போவதைப் பார்த்தால் இது படிப்பைக் கண்ட பயமாகத் தெரியவில்லை. கூட்டமோ, அறிமுகமில்லாத முகங்களோ, எல்லோரும் பார்க்க எழுந்து நிற்பதோ காரணமாக இருக்கலாம்.

தாள் கிடைத்ததும் அதிபரையோ பகுதித் தலைவரையோ நேரில் சந்தியுங்கள். தொலைபேசியில் இதைப் பேச வேண்டாம். முழு வருகையை உடனே கேட்காமல், முதல் சில நாட்கள் ஒன்றுகூடல் முடிந்த பின் உள்ளே வந்து, புள்ளி குறைவான இரண்டு பாடவேளைகள் மட்டும் இருந்துவிட்டுப் போக அனுமதி கேளுங்கள். மூச்சு முட்டுவதுபோல் வந்தால் யாரிடமும் காரணம் சொல்லாமல் சில நிமிடம் வெளியே போய்வர ஒரு சிறிய அட்டை வேண்டும். அவள் போய் நிற்கக்கூடிய ஓர் ஆசிரியையை முன்கூட்டியே தெரிந்துவைக்க வேண்டும். "இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய்?" என்று வகுப்பில் யாரும் உரத்துக் கேட்கக் கூடாது. இந்த ஒரு வசனத்தால் மூன்று வார முயற்சி ஒரு காலையில் பாழாகும். ஒவ்வொரு படியும் அவளோடு கதைத்து முடிவாக வேண்டும். ஒரு படி பழகிய பின்புதான் அடுத்தது.

விடுகைப் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல். இலங்கையில் கட்டாயக் கல்விக்கான மேல் வயதெல்லை 2016 ஆம் ஆண்டு 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. 15 வயதுப் பிள்ளையை விலகச் சொல்வது அதன் நோக்கத்துக்கே மாறானது. சண்டைக்குப் போகாமல், இதைப் பணிவாகவே நினைவூட்டுங்கள். பாடசாலையில் ஆலோசனைக்கென ஆசிரியர் இல்லாவிட்டால் பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் அப்பொறுப்பில் இருப்பவரைக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

பதில்: திருக்கோவில், ஒரு தந்தை

இடம் மாறியதால் வந்த பயத்துக்கு இவ்வளவு சுற்று எதற்கு என்று நினைக்கிறேன். ஊர்ப் பாடசாலையில் நன்றாகப் படித்த பிள்ளையை அங்கேயே திருப்பிச் சேர்த்துவிட்டால் அவளும் நிம்மதி, நீங்களும் நிம்மதி. பெரிய பாடசாலையில் படித்தால்தான் சித்தி கிடைக்கும் என்பது நாமே வளர்த்துக்கொண்ட எண்ணம்.

பதில்: நிந்தவூர், ஒரு தாய்

வணக்கம் சகோதரி. என் மூத்த மகன் தரம் 11 இல் இருந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. பொடியன் என்பதால் அழமாட்டான். கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவான். அவனுடைய வாப்பா கோபக்காரர் அல்லர். ஆனால் சபையில் நாலு பேர் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் அவரும் ஒடுங்கிப்போனார். கலியாண வீடுகளுக்குப் போவதைக்கூட நாங்கள் குறைத்துக்கொண்டோம்.

எங்களுக்கு உதவியது என்னவென்று கேட்டால், பாடசாலை நேரத்தில் வீட்டை எப்படி வைத்திருப்பது என்பதை முதலில் ஒழுங்குபடுத்தியதைத்தான் சொல்வேன். இரவிரவாகத் தொலைபேசியோடு இருந்து, சுபஹு நேரத்தில் நித்திரைக்குப் போகிற பிள்ளையால் எந்தப் பாடசாலைக்கும் எழும்ப முடியாது. ஏசாமல், அடிக்காமல், இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லோருடைய தொலைபேசியும், என்னுடையதும் அவனுடைய வாப்பாவுடையதும் உட்பட, அலுமாரிக்குள் போகும் என்று ஆக்கினோம். போனாலும் போகாவிட்டாலும் ஆறு மணிக்கு எழும்பிக் குளித்து உடுத்து இருக்க வேண்டும். ஏழரையிலிருந்து ஒன்றரை வரை தொலைக்காட்சியும் விளையாட்டும் கிடையாது. கொப்பி எழுதலாம், கதைப்புத்தகம் வாசிக்கலாம், எனக்குத் தேங்காய் துருவித் தரலாம். தண்டனையாக இதைச் செய்யவில்லை. வீட்டில் நிற்பது பாடசாலையைவிட இனிப்பாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் செய்தோம்.

பிறகு வாப்பா அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கேற் வரைக்கும் போய், உள்ளே விடாமலே திருப்பிக் கொண்டுவருவார். பார்த்தவர்கள் இதென்ன வீண் எண்ணெய்ச் செலவு என்றார்கள். ஆனால் கேற்றடியில் நெஞ்சு அடிக்கிற வேகம் சிறிது நேரம் நின்றால் தானாகவே குறைகிறது என்பதை அவன் அங்கேதான் கண்டுகொண்டான். ஓதிப் பார்ப்பதையும் நாங்கள் நிறுத்தவில்லை, வைத்தியசாலைக் கிளினிக்கையும் நிறுத்தவில்லை. கிளினிக்குக்குப் போங்கள் என்று முதலில் சொன்னவரே ஓதிப் பார்த்த மௌலவிதான். நீங்களும் நூலை அவிழ்க்க வேண்டியதில்லை, மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தவணை விடுமுறை முடிந்து திறக்கிற நாளைக் கவனமாகப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன் ஏப்ரல் விடுமுறைக்குப் பிறகு மறுபடியும் படுத்துவிட்டான். எல்லாம் வீணாகிவிட்டதே என்று நான் அழுதேன். வீணாகவில்லை, இரண்டாவது முறை ஏறுவதற்குக் குறைந்த காலமே பிடித்தது. கணிதத்தை மட்டும் மறுவருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான். இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். கூட்டத்தைக் கண்டால் இன்றும் ஓரமாகத்தான் நிற்பான், ஆனால் போகிறான்.

பதில்: மட்டக்களப்பு, மனநலத்துறையில் பணியாற்றும் வைத்தியர்

மேலே ஆசிரியரும் நிந்தவூர்த் தாயாரும் எழுதியிருப்பது மருத்துவ ரீதியாகவும் சரியான வழி. பயம் வரும்போது அட்ரினலின் சுரந்து, இரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குத் திரும்புகிறது. குமட்டலும் வயிற்றுக்குத்தும் கைக்குளிர்வும் அதனால் உண்மையாகவே ஏற்படுகின்றன. அதே வேளை, எல்லாவற்றையும் பயத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, மாதவிடாய் நேரத்துக் கடும் வலி, ஆஸ்துமா, கண்பார்வைக் குறைபாடு ஆகியவை ஒருமுறையாவது பார்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் மகளுக்குச் செய்த பரிசோதனைகளில் இவற்றில் எவை அடங்கின என்று கேட்டுப் பாருங்கள். ஒருமுறை தெளிவாகப் பார்த்து முடிந்தபின் மீண்டும் மீண்டும் ஸ்கேனுக்கு அலைய வேண்டாம்.

ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்பதால் அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கும் முறை ஒன்றை அமெரிக்க உளவியலாளர்களான கிறிஸ்டோபர் கேர்னியும் வென்டி சில்வர்மனும் 1990 ஆம் ஆண்டளவில் முன்வைத்தார்கள். இனம்புரியாத கலக்கத்திலிருந்து தப்புவது ஒன்று. பலர் முன் பேசுதல், பரீட்சை, கேலி போன்றவற்றிலிருந்து தப்புவது இன்னொன்று. தாய் தந்தையின் அருகிலேயே இருக்க விரும்புவது மூன்றாவது. தொலைபேசி, விளையாட்டு போல வெளியே இருக்கும் கவர்ச்சி நான்காவது. உங்கள் மகள் இரண்டாவதைச் சேர்ந்தவளாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் மூன்றாவதையும் தள்ளிவிடாதீர்கள். போரையும் 2004 சுனாமியையும் கண்ட தாய்மார் நமது கரையில் பிள்ளையைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருந்தே பழகியவர்கள். அந்தப் பதற்றம் வாய் திறந்து சொல்லாமலே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அத்துடன் இன்று பதின்ம வயதில் இருக்கும் பிள்ளைகளின் ஆரம்ப வகுப்புக் காலத்திலேயே, 2020 மார்ச்சில், பாடசாலைகள் மூடப்பட்டன. கூட்டத்தோடு பழக வேண்டிய வயதில் வீட்டுக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

சில கேள்விகளை நீங்கள் தனிமையில், அவசரமில்லாமல் கேட்டே ஆக வேண்டும். யாராவது கேலி செய்கிறார்களா, பணம் கேட்கிறார்களா, போகும் வழியிலோ வகுப்பிலோ தொலைபேசியிலோ யாராவது தொந்தரவு செய்கிறார்களா, ஆசிரியர் யாரேனும் அடிக்கிறாரா? பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்து 2005 ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால், பிள்ளையைப் பழக்குவதற்கு முன் அதைத்தான் நிறுத்த வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் அதற்காகவே இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே வரும். ஆம் என்றாலோ, தன்னைத் தானே காயப்படுத்திய அடையாளம் கண்டாலோ, அன்றே வைத்தியசாலைக்கு வாருங்கள். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியும் வீட்டிலுள்ள மாத்திரைகளும் பூட்டுக்குள் இருக்கட்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எந்நேரமும் எடுக்கக்கூடிய இலக்கம்.

சில வாரம் முயன்றும் அசைவில்லை என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். சிகிச்சை இலவசம், நாங்கள் பாடசாலைக்கோ ஊருக்கோ அறிவிப்பதில்லை. முதல் சிகிச்சை பேச்சும் படிப்படியான பழக்கமும்தான். தேவைப்பட்டால் மட்டும் புளுஒக்செற்றின் போன்ற மருந்தைச் சேர்ப்போம். அது வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். தூக்க மாத்திரை என்று பயந்து இடையில் நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அது தூக்க மாத்திரை அல்ல. நிறுத்துவதும் எங்களைக் கேட்டே நடக்க வேண்டும்.

பதில்: வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவி

அன்ரி, நானும் அந்த வயதில் அப்படி இருந்தவள். காலையில் எல்லோரும் சேர்ந்து "இன்றைக்காவது போவாயா?" என்று கேட்கும்போது எனக்குச் சத்திதான் வரும். என் அம்மா அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டு, "பஸ் வரும்வரை நானும் ஹோல்ட்டில் நிற்கிறேன்" என்று மட்டும் சொல்லிக் கூட வந்தது பெரிய உதவியாக இருந்தது. போகாத நாட்களிலும் வகுப்புத் தோழி ஒருத்தி பின்னேரம் கொப்பி கொண்டுவந்து தந்துவிட்டுப் போவாள். அவள் ஒருத்தி வந்ததால்தான் நான் இன்னும் அந்த வகுப்பில் ஒருத்தி என்று தோன்றியது. முடிந்தால் உங்கள் மகளுக்கு அப்படி ஒரு பிள்ளையைத் தேடிக் கொடுங்கள்.

கேள்வி கேட்ட தாய்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி நேரசூசியை எழுதிப் பார்த்தோம். ஒன்றுகூடலுக்கு 6, இடைவேளைக்கு 7, ஆங்கிலப் பாடத்துக்கு 10. பத்துக்கு மேல் போட முடியுமா என்று கேட்டாள். வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது, இவள் வாசித்த ஒரு சொல்லைப் பின்வாங்கிலிருந்து யாரோ திருப்பிச் சொல்லிக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லே அவளுக்குப் பெயராகிவிட்டதாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு நெடுநேரம் என் மடியில் படுத்திருந்தாள். வைத்தியர் கேட்கச் சொன்ன மற்றக் கேள்விகளையும் கேட்டேன். அப்படி ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொன்னாள். பழைய பாடசாலைக்குப் போகிறாயா என்றதற்கு, அங்கே எல்லோரும் ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பார்கள் என்கிறாள்.

பிரதி அதிபர் பொறுமையாகக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைத் தான் நிறுத்துவதாகவும், இடைவேளை வரை மட்டும் வந்துபோக அனுமதிப்பதாகவும் கூறினார். எனக்கு இன்னும் மூன்று ஐயங்கள். மற்றப் பிள்ளைகள் கேட்டால் அவள் என்ன சொல்வது? ஆங்கிலப் பாடத்திலிருந்து முழுமையாக விலக்குக் கேட்கலாமா? கணவரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: காரைதீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

திருக்கோவில் நண்பர் சொன்ன வழி சில பிள்ளைகளுக்குப் பொருந்தும். துன்புறுத்தலை நிறுத்தப் பாடசாலை முன்வராவிட்டால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே பிரதி அதிபர் முன்வந்திருக்கிறார், பிள்ளையும் திரும்பிப் போக விரும்பவில்லை. ஆகவே இருக்கும் இடத்திலேயே முயலுங்கள்.

கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வசனம் போதும்: "சுகமில்லாமல் மருந்தெடுத்தேன், இப்போது வருகிறேன்." அது பொய்யும் இல்லை. தங்கையைக் கேள்வி கேட்க வைத்து வீட்டில் சொல்லிப் பழகட்டும், சொல்லிவிட்டு "கணிதத்தில் எந்த அலகு போகிறது?" என்று அவளே திருப்பிக் கேட்கவும் பழகட்டும். ஆங்கிலத்திலிருந்து முழு விலக்குக் கேட்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் எழுப்புவதில்லை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிறகு ஒரு பந்தியை ஆசிரியருக்கு மட்டும் வாசித்துக் காட்டலாம். அதன்பின் ஒரு தோழியோடு சேர்ந்து, பிறகு இருந்த இடத்திலிருந்தே இரண்டு வரி. எந்தப் பந்தி என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கணவரைச் சமாளிக்க வேண்டாம், அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நமக்கு ஏழு மணி என்றால் கட்டாரில் நாலரை. அந்த நேரத்தில் எழும்பி அழைப்பெடுத்து ஏசுவதால் யாருக்கும் பயனில்லை. இரவில் எடுக்கட்டும். போனாயா, போகவில்லையா என்று கேட்காமல், அந்த ஆங்கிலப் பந்தியைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொல்லட்டும். தூரத்திலிருக்கும் தகப்பன் என்பதால் அவள் முகத்துக்கு நேரே யாரும் பார்க்காமல் வாசிக்க முடியும். முதல் படிக்கு அதைவிட நல்ல கேட்பவர் கிடைக்கமாட்டார். தொடங்குவதற்குத் திங்கட்கிழமையை எடுக்காதீர்கள். புதன் அல்லது வியாழனில் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் போனதுமே வார இறுதி வந்துவிடும்.